சீமாட்டியின் முதுகு

ஜமால் சேட்டின் டிரம் யார்டில் வேலை கேட்டு வருகிறவனுக்கு இரண்டு பரீட்சை உண்டு. முதல் பரீட்சையை வைப்பவர் சேட். ஊர் எது, இதற்கு முன் எங்கே வேலை, எப்போது வருவாய் என்ற மூன்று கேள்வியோடு அது முடிந்துவிடும். இரண்டாவதை வைப்பவள் சீமாட்டி. அதில் தேறாதவன் ஒரு வாரத்துக்கு மேல் அந்த யார்டில் நிலைத்ததில்லை.

சீமாட்டி ஒரு நாய். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். தாராவி சாக்கடை ஓரத்தில் பிறந்து வளர்ந்த நாய்க்கு இந்தப் பெயர் எதற்கு என்று கேட்டால், நாலு நாள் அதன் நடவடிக்கையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்பார்கள். மத்தியானம் எல்லோரும் தின்று மிஞ்சியதை ஒரு பழைய வனஸ்பதி டின்னில் போட்டு வைப்பார்கள். அதன் மூடி துருப்பிடித்து இறுகியது. கட்டைவிரலால் ஒரு பக்கத்தை அமுக்கி, மறுபக்கத்தை நெம்பினால்தான் திறக்கும். புதிதாக வந்தவனிடம் அந்த டின்னைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள்போல் பீடி பற்றவைப்பார்கள். சீமாட்டி எதிரே உட்கார்ந்து அவன் கையையே பார்ப்பாள். டின்னைப் பார்க்கவே மாட்டாள்.

ஒருவன் அதைத் தரையில் மோதித் திறந்தான். இன்னொருவன் பல்லால் கடித்தான். இரண்டு பேருக்கும் அவள் தந்தது ஒரே மார்க்குதான்: எழுந்து, திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் ஆட்டெலும்பே கொண்டுவந்து நீட்டினாலும் தின்பாள். ஆனால் பக்கத்தில் படுக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஐந்து வருஷமாக ஒரே ஒருவர் காலடியில்தான் படுத்துக் கிடந்தாள். அவர் பிரம்மநாயகம். அந்த யார்டின் மூக்கு.

மூக்கு என்பது பட்டப்பெயர் அல்ல, அதுதான் அவருக்கு வேலை. செம்பூர் பக்கத்துப் பெயிண்டு கம்பெனிகளிலிருந்தும் டிராம்பே பக்கத்து எண்ணெய் ஆலைகளிலிருந்தும் காலி டிரம்கள் லாரி லாரியாக வரும். நல்லதைக் கழுவிச் சாயம் பூசித் திரும்ப விற்பார்கள். நசுங்கியதை உளியும் சம்மட்டியும் வைத்து வெட்டிப் பிரித்து, குடிசைக் கூரைக்குத் தகடாகத் தட்டுவார்கள். காலி டிரம் என்றுதான் பேரே தவிர, எதுவும் காலியில்லை. அடியில் ஒரு கை அளவு பெயிண்டு கரைக்கிற தின்னர் நின்றால் போதும், உளியிலிருந்து ஒரு பொறி தெறித்தால் வெட்டுகிறவனைக் கூட்டித்தான் அள்ள வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து யார்டில் அப்படி ஒருவன் போனான். டிரம்மின் மூடி மூன்று கூரை தாண்டி விழுந்தது.

அதனால் ஒவ்வொரு டிரம்மையும் வெட்டுவதற்கு முன் பிரம்மநாயகம் மோந்து பார்ப்பார். மூடியை அரைத் திருகு மட்டும் தளர்த்துவார். உஸ் என்று ஒரு மூச்சு வரும். அது போதும் அவருக்கு. எண்ணெய்க் கசடு என்றால் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் போட்டதை அப்படியே வெட்டலாம். தின்னரோ பெட்ரோலோ என்றால் பெருக்கல் குறி. அதில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கிற ஆவியை வெளியேற்றிய பிறகுதான் உளி வைக்க வேண்டும். ஒரு டிரம்முக்குப் பதினாலு பக்கெட் தண்ணீர் பிடிக்கும். இருக்கிற ஒரு குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தால் பெரிய காரியம். எல்லாவற்றுக்கும் பெருக்கல் போட முடிந்தால் மூக்கு எதற்கு, சம்பளம் எதற்கு?

யார்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிரம்மநாயகம் குறி போட்ட டிரம்மில் வேறு எவனும் மூக்கை வைக்கக் கூடாது. வைத்தால் அவர் முகத்தில் துப்பியதற்குச் சமம். வெட்டுகிறவன் செல்லப்பாண்டி, அவருடைய மனைவி பேராச்சியின் தம்பி. பதினேழு வயதில் அக்கா வீடு தேடி ரயிலேறி வந்தவன். அத்தான் வட்டம் போட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சம்மட்டியைத் தூக்குவான்.

அரைத் திருகில் கெட்ட வாடை வந்தால் பிரம்மநாயகம் "போடி அங்கிட்டு" என்பார். காலடியில் நிற்கும் சீமாட்டி நாலடி தள்ளிப் போய் நிற்பாள். பிறகுதான் மூடியை முழுக்கக் கழற்றுவார். அவர் சொல்லாவிட்டால் அவள் நகரமாட்டாள். ஊர் நாற்றமெல்லாம் ஒன்றாகக் கொதிக்கிற அந்த யார்டில், நாயாகப் பிறந்தவள் தன் மூக்கைவிட அவர் மூக்கைத்தான் நம்பினாள்.

அறுபத்து நான்காம் வருஷ மழையில் பிரம்மநாயகத்துக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தார். எழுந்த அன்று பேராச்சி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் வெளியே போயிருந்தவள் ஓடி வந்து சட்டியை இறக்கினாள்.

"கருகி ஊரே நாறுது. பக்கத்துல உக்காந்திருக்கீய, ஒரு சத்தம் குடுக்கப்படாதா?"

பிரம்மநாயகம் சட்டிக்குமேல் குனிந்தார். கருவாட்டை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தார். ஒன்றுமில்லை. சாம்பிராணியைக் கொளுத்திப் பார்த்தார், மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து பார்த்தார். கண் எரிந்ததே ஒழிய வாசம் வரவில்லை. சளி இளகினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். சளி இளகியது. மூக்கு திரும்பவில்லை.

அதை யாரிடம் சொல்வது? காலில்லாதவன் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை கிடைக்கும். மூக்குச் செத்த மோப்பக்காரனை வைத்துக்கொண்டு சேட் என்ன செய்வார்? அது மட்டுமில்லை. ஐம்பது ஆள் கூடியிருக்கிற இடத்தில் "பிரம்மநாயகம் சொல்லட்டும்" என்று வழிவிடுவார்களே, அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை வாயடக்கி வைத்துக்கொண்டார்.

டிரம்மின் மேல் இருக்கிற சாயத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், லாரிக்காரனிடம் எந்த கேட்டிலிருந்து ஏற்றினாய் என்று பேச்சுவாக்கில் கேட்டார். மூக்கைச் சும்மா கொண்டுபோய் வைத்துவிட்டுக் குறி போட்டார். முதல் பத்து நாள் யாருக்கும் தெரியவில்லை. சீமாட்டிக்குக்கூட.

பதினோராம் நாள் நல்ல வெயில். செல்லப்பாண்டி சற்றுத் தள்ளி உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். பிரம்மநாயகம் ஒரு நீல டிரம்மை அரைத் திருகு தளர்த்தினார். உஸ் என்றது. குனிந்து மோந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை, "போடி அங்கிட்டு" என்றும் சொல்லவில்லை. மூடியை முழுக்கக் கழற்றினார். வெயிலில் அடைந்து கிடந்த ஆவி குபீரென்று கிளம்பி, காலடியில் நிம்மதியாக நின்றவள் முகத்தில் அடித்தது.

அவள் கத்திய கத்தலில் கூரைத் தகட்டில் இருந்த காக்காய்களெல்லாம் பறந்தன. முகத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு வட்டமடித்தாள், தும்மினாள், வாந்தியெடுத்தாள். பிரம்மநாயகத்துக்கும் கண்ணில் நீர் முட்டியது. "மூடி கை நழுவிட்டு" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அந்த டிரம்முக்குப் பெருக்கல் போட்டார்.

சாயந்தரம் சீமாட்டி எழுந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் வாத்சல்யத்தோடு கூப்பிட்டார். அவள் மெல்லத் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து செல்லப்பாண்டியின் சாணைக்கல் பக்கத்தில்தான் அவளுக்குப் படுக்கை.

யார்டில் கேலி கிளம்பியது. "என்னவே, சீமாட்டி உம்மள டைவர்ஸ் பண்ணிட்டாளா?" என்றார்கள். அவரும் கூடவே சிரித்தார். செல்லப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

அதன்பிறகு பிரம்மநாயகத்துக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சாக்கடையை ஒட்டிய பின்பக்கத்தில்தான் செல்லப்பாண்டி டிரம் வெட்டுவது. அங்கே உளி பேச ஆரம்பித்ததும் இவர் எழுந்து யார்டை விட்டே போய்விடுவார். இருநூறு அடி தள்ளி மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தத்தை எண்ணுவார். டங், டங், டங். சத்தம் இருக்கிறவரை மச்சினன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். டீ ஆறிப்போகும். இப்படிக் கோழையாகிப் போனோமே என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வரும். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் தீர்மானிப்பார்.

ஆனால் ஒரு மாதம் போயிற்று. இரண்டு போயிற்று. ஒரு டிரம்கூட வெடித்து வாயைத் திறக்கவில்லை. மனுஷ மனசு இருக்கிறதே, அது பெரிய திருடன். ஐந்து வருஷ அனுபவம் கண்ணுக்கே வந்துவிட்டது, சாயத்தைப் பார்த்தே நமக்குப் பிடிபட்டுவிட்டது என்று அவரை நம்பவைத்துவிட்டது. மூன்றாம் மாதம் அவர் மறுபடியும் நெஞ்சை நிமிர்த்தி வட்டம் போட ஆரம்பித்தார். டீக்கடைக்குப் போவதை மட்டும் விடவில்லை.

மார்கழியில் ஒரு நாள் விடிகாலை செல்லப்பாண்டியின் மனைவி அகிலாண்டத்துக்கு இடுப்பு வலி கண்டது. அவளை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு அவன் சயன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். போகிற போக்கில் அத்தானிடம், "இன்னைக்கு வெட்டு வேண்டாம்னு சேட்டுகிட்ட சொல்லிருங்க. நாளைக்கு நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்றான். ஒருமுறைக்கு இரண்டுமுறை சொன்னான்.

பிரம்மநாயகம் சொல்லத்தான் செய்தார். சேட் கேட்டால்தானே. "அரே பாபா, சாயந்தரம் முப்பது தகடு குடுக்கேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஒரு ஆளுக்குக் கொழந்த பொறந்தா யார்டையே மூடணுமா?" என்று சைக்கிளில் ஆள் அனுப்பி, செம்பூரிலிருந்து ஒரு வெட்டுக்காரனை வரவழைத்துவிட்டார்.

வந்தவன் பெயர் மிக்கேல்ராஜ். தூத்துக்குடிப் பக்கம். முப்பது வயதிருக்கும், அளவான பேச்சு. தன்னுடைய உளியைத் தானே கொண்டுவந்திருந்தான். மனைவி ரோசம்மா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியை நிழல் பார்த்து வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மடித்தான். வழக்கம்போல் அவனிடம் அந்த வனஸ்பதி டின்னை நீட்டினார்கள். அவன் ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். கட்டைவிரலை வைத்தான். டப்பென்று மூடி கழன்றது.

சீமாட்டி எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு போய் அவன் காலடியில் படுத்தாள். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். இவ்வளவு சீக்கிரம் அவள் யாருக்கும் பாஸ் போட்டதில்லை. பிரம்மநாயகம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நாய் புது ஆளிடம் போய்ப் படுத்ததற்கு இப்படி வயிறு எரியுமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

முந்தின நாள் சாயந்தரமே பிரம்மநாயகம் எட்டு டிரம்முக்குக் குறி போட்டு வைத்திருந்தார். இரண்டு பெருக்கல், ஆறு வட்டம். மிக்கேல்ராஜ் குறிகளின் அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டு, பெருக்கல் இருந்த இரண்டிலும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி, அவற்றை முதலில் வெட்டி முடித்தான். பிறகு வட்டம் போட்ட ஒரு பச்சை டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். சீமாட்டி அதன் பக்கத்தில் போனாள். மோந்தாள். பின்வாங்கினாள். அவன் கால்சட்டையின் ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்தாள்.

"சோறு போட்டதுக்கு வெளையாடுதா பாரு" என்று அவன் அவள் தலையைத் தட்டினான். அவள் விட்டுவிட்டு கேட்டுவரை போய், திரும்பி நின்று அவனைப் பார்த்தாள். வருகிறாயா இல்லையா என்று கேட்பதுபோல் இருந்தது அந்த நிற்பு. அவன் வரவில்லை. அவள் வெளியே போய்விட்டாள்.

மிக்கேல்ராஜ் உளியைக் கீழே வைத்தான். வெளியாள், யார்டின் வழக்கம் அவனுக்குத் தெரியாது. "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. நாய் மோந்துட்டு ஓடுது. இதை மட்டும் இன்னொரு தடவ பாத்துச் சொல்லிருதீங்களா?"

சம்மட்டிச் சத்தம், தகடு தட்டும் சத்தம் எல்லாம் நின்றது. யாரும் கேட்காத கேள்வி அது. ஆட்கள் பிரம்மநாயகத்தின் முகத்தைப் பார்த்தார்கள். சேட்டும் திரும்பிப் பார்த்தார்.  எனக்குத் தெரியாதப்பா, தண்ணி ஊத்திக்கோ. இவ்வளவுதான் பிரம்மநாயகம் சொல்ல வேண்டியது. தொண்டைவரை வந்துவிட்டது. அத்தனை கண்களையும் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

அவர் போனார். முட்டி போட்டார். அரைத் திருகு தளர்த்தி, மூக்கை வைத்து, கண்ணை மூடி, பழைய நாட்களில் செய்வதுபோலவே ஆழமாக இழுத்தார். உள்ளே வெறும் காற்று போயிற்று.

"எண்ணெக் கசடுதான். நாய் சொல்லுததக் கேட்டா நாம பொழைக்க முடியும்? வெட்டும் நீரு."

எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேல்ராஜும் சிரித்துக்கொண்டு உளியை எடுத்தான். பிரம்மநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.

சீமாட்டி டீக்கடைக்கு எதிரே ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். யார்டுக்கு முதுகு. டங் என்று முதல் சத்தம் கேட்டது. அவர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஏழோ எட்டோ எண்ணும்போது எதிரே பஸ்ஸிலிருந்து செல்லப்பாண்டி குதித்து இறங்கினான். முகமெல்லாம் பல். கையில் மிட்டாய்க் கடைப் பெட்டி. பையன் பிறந்தால் பேடா, பெண் பிறந்தால் பர்ஃபி என்பது பம்பாய்க் கணக்கு. பெட்டியைத் திறந்தான், பர்ஃபி.

"அக்கா மாதிரியே மூக்கு அத்தான்" என்று ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அப்போதுதான் அவன் காதில் அது விழுந்தது. டங், டங். "யாரு வெட்டுதா?"

"செம்பூர்க்காரன் ஒருத்தன். மிக்கேல்ராஜ்னு."

"தண்ணி ஊத்துனானா?"

"வட்டம் போட்டதுக்கு எதுக்குலே தண்ணி?"

செல்லப்பாண்டியின் முகத்தில் இருந்த பிள்ளைச் சந்தோஷம் அப்படியே வடிந்தது. "அய்யோ அத்தான். மூணு மாசமா நான் எல்லாத்துக்கும் ஊத்துதேன். விடியக்காலம் வந்து சாக்கடைத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துதேன். நீங்க போட்ட வட்டத்துக்கும்தான். சீமாட்டி மூஞ்சியில ஆவி அடிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும் உங்களுக்கு மூக்கு இல்லன்னு. கேட்டா உங்க மனசு கோணும்னுதான்..."

அதற்குள் அவன் ஓட ஆரம்பித்திருந்தான். பிரம்மநாயகமும் ஓடினார். மூன்று மாதமாக ஒரு டிரம்கூட வாயைத் திறக்காதது ஏன் என்று அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. தன் கண்ணும் இல்லை, அனுபவமும் இல்லை. அந்தப் பயல் தோள் வலிக்கச் சுமந்த சாக்கடைத் தண்ணீர். அவர் ஓடிக்கொண்டே கத்தினார். யார்டுக்கே கேட்கும்படி, ரோட்டுக்கே கேட்கும்படி கத்தினார். "வெட்டாதய்யா! எனக்கு மூக்கு செத்துப்போச்சு! எனக்கு மூக்கு செத்துப்போச்சுய்யா!"

உளிச் சத்தம் நின்றது.

கேட்டுவிட்டான் என்று நினைத்தார். முருகா என்று நெஞ்சில் கை வைத்தார். கேட்டுக்கு இன்னும் இருபது அடிதான் இருந்தது. அவன் உளியை அடுத்த இடத்துக்கு மாற்றி வைக்கத்தான் நிறுத்தியிருக்கிறான். டங் என்று இன்னொரு அடி விழுந்தது. அதோடு பூமி அதிர்ந்தது.

பிறகு அவர் உள்ளே போனபோது கூரைத் தகடுகள் பறந்து கிடந்தன. பின்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. செல்லப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டு அதன் எதிரே நின்றான். நிழலில் இருந்த தூக்குச்சட்டி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. புகை யார்டை மூடியது. தின்னர் எரிகிற வாடையும், அதற்குள் இன்னொரு வாடையும். ஒருவன் குனிந்து வாந்தியெடுத்தான். ஆட்கள் எல்லோரும் துண்டாலும் சட்டையாலும் கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சேட் தன் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தார்.

பிரம்மநாயகம் ஒருவர்தான் மூக்கைத் திறந்துபோட்டு நின்றார். கையில் பர்ஃபி பிசுபிசுத்தது. அவருக்கு ஒன்றுமே வரவில்லை. மழைக்காலத்துக் காலைக் காற்றுபோல் சுத்தமாக வந்து போனது மூச்சு.

சேட்டின் கண்கள் கைக்குட்டைக்கு மேலே அவரையே பார்த்தன. அப்புறம் மற்றவர்களின் கண்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. ரோட்டில் அவர் கத்திய கத்தல் உளிச் சத்தத்தில் இவர்களுக்குக் கேட்டிருக்காது. இப்போது யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை.

பிரம்மநாயகம் அவசரமாகத் தோளிலிருந்து துண்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் தாங்காதவர்போல் முகத்தைச் சுளித்தும் காட்டினார்.

செல்லப்பாண்டி அவர் பக்கத்தில் வந்தான். கண்ணீர் வழிய, ஒரு குழந்தையிடமிருந்து எதையோ வாங்குவதுபோல் அந்தத் துண்டை அவர் முகத்திலிருந்து எடுத்தான்.

"போதும் அத்தான்" என்றான்.

சீமாட்டி அதற்குப் பிறகு அந்த கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.